கன்னத்துப் புள்ளிகள்

செத்தவருக்கு எட்டாம் நாள் படைக்கும் எட்டுச் செலவு முடிந்து மூன்று நாள் கழித்து அந்தத் தாய் என் கடைக்கு வந்தார். நெல்லியடியில் பேருந்துகள் நிற்கும் இடத்துக்கு எதிரே, போட்டோக் கொப்பி எடுக்கவும் ரியூசன் வகுப்புகளுக்குப் பாடக்குறிப்புகள் அச்சடிக்கவும் நான் வைத்திருக்கும் சின்னக் கடை. காலை பத்து மணி இருக்கும். மழை சற்று விட்டிருந்தது. அவர் படியில் செருப்பைக் கழற்றினார். என் கடைக்குள் யாரும் செருப்பைக் கழற்றிவிட்டு வருவதில்லை. கழற்ற வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் உள்ளே வந்துவிட்டார்.

அவருடைய மகளும் என் மகளும் ஒரே வகுப்பு, உயர்தர உயிரியல். பதினொரு நாட்களுக்கு முன் இரண்டு பேரும் எங்கள் ஸ்கூட்டியில் போகும்போது விழுந்தார்கள். என் மகள் வலது மணிக்கட்டு முறிந்து வீட்டில் படுத்திருந்தாள். அவருடைய மகளுக்குத்தான் எட்டுச் செலவு முடிந்திருந்தது.

பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒன்றை மேசையில் வைத்தார்.

"அக்கா, கோவிக்காதேங்கோ என்ன. நீங்கள் அடிச்சுத் தந்த படத்திலை பிள்ளையின்ரை கன்னத்திலை காயம் தெரியுது."

"காயமோ?"

"ஓம். கிட்டப் போய்ப் பாத்தாத் தெரியுது. சின்னன் சின்னனாச் சிவப்பு. ரோட்டிலை உரஞ்சினது போலை."

தாளைப் பிரித்தேன். எட்டுச் செலவுக்கு நான் அச்சிட்டுக் கொடுத்த படம்தான். நெற்றி இருந்தது. கண்கள் இருந்தன. இடது கன்னம் இல்லை. அந்த இடத்தில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கறை, நாடியைத் தாண்டிக் கழுத்துவரை வழிந்து காய்ந்திருந்தது. காகிதம் நனைந்து ஊதிப் பொருமியிருந்தது.

"துடைச்சனீங்களோ?"

"பஞ்சை இளஞ்சுடுதண்ணியிலை தோய்ச்சு மெல்லமாத்தான் ஒத்தினனான். மூண்டு நாளா ஒத்திறன். ஒத்த ஒத்த இன்னும் பரவுது, அக்கா."

அந்த மூன்று நாளும் அவர் ஒரு காகிதத்துக்குப் புண் கழுவிக்கொண்டிருந்திருக்கிறார்.

*

ரியூசன் குறிப்புகளுக்கு அடுத்தபடி என் கடையில் அதிகம் நடக்கும் வேலை இறந்தவர்களின் படம். கலியாண வீட்டிலோ பிறந்தநாளிலோ கூட்டமாக எடுத்த ஒரு படத்தைக் கொண்டுவருவார்கள். அதிலிருந்து இறந்தவரை மட்டும் வெட்டியெடுத்து, நீல வானத்தைப் பின்னால் வைத்து, மலர்வு என்று ஒரு திகதியும் உதிர்வு என்று ஒரு திகதியும் கீழே போட்டுக் கொடுக்க வேண்டும். வாழ்நாள் முழுக்க மேல் சட்டை இல்லாமல் தோட்டத்தில் நின்ற மனிதருக்குக் கோட்டும் ரையும் போட்டுவிடச் சொல்வார்கள். போட்டிருக்கிறேன். சிரித்துக்கொண்டிருப்பவரின் பல்லை மூடிவிடச் சொன்னவர்களும் உண்டு.

ஒரு விதியை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. எல்லோருக்கும் தெரியும். உயிரோடிருப்பவரின் ஒரு துண்டுகூட அந்தப் படத்துக்குள் வரக்கூடாது. மனைவியின் தோள், மடியிலிருந்த பேரப்பிள்ளையின் தலைமயிர், பக்கத்தில் நின்றவரின் சேலைத் தலைப்பு, எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும். மாலை போடப்போகும் படம் அது. இத்தனை வருடத்தில் எத்தனை கைகளை, எத்தனை தோள்களை இப்படி அழித்தேன் என்று எனக்கே தெரியாது. அழித்தபோது ஒருநாளும் எதுவும் தோன்றியதில்லை.

அந்தப் பிள்ளையின் படம் பாடசாலை விளையாட்டுப் போட்டியன்று எடுத்தது. இரண்டு பெண்களும் மைதானத்து வெயிலில் நின்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரிக்கிறார்கள். என் மகளின் வலது கை தோழியின் தோளில் கிடக்கிறது. அவளுடைய வீட்டில் இருந்தவை அடையாள அட்டைக்கு எடுத்த படமும் சின்ன வயதுப் படங்களும்தான். அதனால் இதையே தெரிவுசெய்து வட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பியிருந்தார்கள்.

முதலில் என் மகளின் முகத்தை வெட்டினேன். பிறகு தோளில் கிடந்த நாலு விரல்கள். பக்கத்திலிருந்த சட்டைத் துணியை எடுத்து ஒவ்வொரு விரலின் மேலும் ஒட்டி மூட வேண்டியிருந்தது. மூன்றாவது விரலை மூடும்போது அடுத்த அறையில் மகள் இருமினாள். மடிக்கணினியை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். அவள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, "என்னம்மா?" என்றாள். "ஒண்டுமில்லை," என்று திரும்பி வந்து நாலாவது விரலையும் மூடினேன். அதே அவசரத்தில், குறிப்புகள் அடிக்கும் அச்சுப்பொறியில், சாதாரணத் தடித்த தாளில், அந்தப் படத்தை அச்சிட்டேன். சட்டம் போட நேரமில்லை. அப்படியே விளக்கருகில் வைத்தார்கள்.

அவசரம் என்று எழுதிவிட்டேன். உண்மையில் அந்த முகத்தை என்னால் நெடுநேரம் பார்க்க முடியவில்லை. அதற்குக் காரணம் ஆஸ்பத்திரியில் நடந்தது.

*

அன்று சனிக்கிழமை. குறிப்புகள் தயார், மழை வரப்போகுது, கெதியா வந்து எடுங்கோ என்று மகளுக்குப் போன் எடுத்தது நான்தான். இரண்டு பேரும் வந்தார்கள். குறிப்புக் கட்டைப் பொலித்தீன் பையில் போட்டுக் கொடுத்தேன். மகள் அதை ஒரு கையால் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் ஏறினாள். மற்றக் கையைத் தோழியின் தோளில் வைத்தாள். "அன்ரி, போட்டு வாறம்," என்றது முன்னால் இருந்தவள்.

எதிரே வந்த பஸ்ஸுக்கு விலத்தியபோது ஸ்கூட்டியின் முன்சில்லு வீதியோரத்து மணலில் இறங்கி வழுக்கியிருக்கிறது. நான் போய்ச் சேர்ந்தபோது வீதியில் தாள்கள்தான் கிடந்தன. மழை தொடங்கிவிட்டது. நான் அடித்த எழுத்துக்கள் நீலமும் சிவப்புமாகப் பிரிந்து தார் வீதியில் ஓடிக்கொண்டிருந்தன.

ஆஸ்பத்திரியில் ஒரு நீள வாங்கில் அந்தத் தாய் உட்கார்ந்திருந்தார். எனக்கு முன்னமே ஓட்டோவில் வந்திருந்தார். என் கணவர் வவுனியாவில் வேலையில் இருந்தார். அவருடைய கணவர் தோட்டத்திலிருந்து வந்துகொண்டிருந்தார். நாங்கள் இரண்டு பெண்கள் மட்டும். ஒரு ஊழியர் வந்து, யாருடைய முகத்தையும் பாராமல் சொன்னார்.

"ஒரு பிள்ளை முடிஞ்சுது. மற்றதைத் தியேட்டருக்குக் கொண்டு போட்டினம். ஆரெண்டு தெரியேல்லை. ஒராள் வந்து பாருங்கோ."

நான் அவரைப் பார்த்தேன். அந்தத் தாய் எழும்பவில்லை. வாங்கின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். நான் போனேன். நாலைந்து அடிதான். கதவு திறந்தே இருந்தது. துணியை விலக்கினார்கள். இடது கன்னம் முழுக்கச் சிராய்ப்பு, அதற்குள் சின்னச் சின்னக் கற்கள்.

"கடவுளே, என்ரை பிள்ளை இல்லை."

அப்படித்தான் சொன்னேன். மனதுக்குள் இல்லை, வாய்விட்டு. எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. திரும்பியபோது அந்தத் தாய் எழுந்து நின்றுகொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்து அறிந்தாரா, என் சொல்லைக் கேட்டு அறிந்தாரா?

அதுதான் என்னைத் தின்ற கேள்வி. செத்த வீட்டில் அவர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதபோதும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். கேட்டிருந்தால் கட்டிப்பிடிப்பாரா? கேட்டதால்தான் இவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறாரா? இப்போது என் கடையில், கன்னம் கரைந்த படத்தை வைத்துக்கொண்டு அவர் கேட்டார்:

"முப்பத்தொராம் நாளுக்கு வேறை ஒண்டு அடிச்சுத் தருவியளோ அக்கா? காயமில்லாமல்."

"தாறன்," என்றேன். அவரை நெருங்க எனக்கு இருந்த ஒரே வழி அது என்று பட்டது.

*

மத்தியானம் வீட்டுக்குப் போய் மகளின் புத்தகப் பையிலிருந்து பெரிதாக்கிப் பார்க்கும் கைவில்லையை எடுத்தேன். பூவின் மகரந்தம் பார்க்கப் பாடசாலையில் வாங்கச் சொன்னது. இரண்டு பேருக்கும் ஒன்றுதான், மாறி மாறி வைத்திருந்தார்கள். கரைந்த படத்தில் ஈரம் படாத வலது கன்னத்தின்மேல் அதைப் பிடித்துப் பார்த்தேன்.

அங்கே கன்னம் இல்லை. வெள்ளைத் தாள் இருந்தது. அதன்மேல் கடுஞ்சிவப்பில் புள்ளிகள், தள்ளித் தள்ளி, மணல் எறிந்தது போல. இடையிடையே மஞ்சள். நிழல் விழுந்த கழுத்தில் புள்ளிகள் நெருங்கிக் கிடந்ததால் தோல் போலத் தெரிந்தது. வெயில் பட்ட இடத்தில்தான், கன்னமேட்டில்தான், புள்ளிகள் தனித்தனியாக நின்றன. அந்தத் தாய் பொய் சொல்லவில்லை. காயம் இருந்தது. அதை நான்தான் போட்டிருக்கிறேன்.

"என்னம்மா பாக்கிறியள்?" மகள் கட்டிலில் எழுந்து இருந்தாள். முறிவுக்கு மாக்கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்திருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் அதிகம் கதைப்பதில்லை. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் வருவாள், பாதியில் எழும்பிப் போவாள். விறாந்தையில் அவள் நடக்கும் சத்தம் நின்றால் நான் எட்டிப் பார்ப்பேன்.

சொன்னேன். அவள் கைவில்லையை இடது கையால் வாங்கி நெடுநேரம் பார்த்தாள். பிறகு வில்லை மெல்லக் கன்னத்தைவிட்டுக் கீழே தோளுக்கு நகர்ந்தது.

"இதிலை என்ரை கை எங்கை?"

"பிள்ளை, அது கூடாது. உயிரோடை இருக்கிற ஆக்களின்ரை..."

"விழேக்கை என்ரை கை அங்கைதான் இருந்தது, அம்மா."

கைவில்லையை என்னிடம் தந்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மாலையில் அவளிடம் மூலப் படத்தைக் கேட்டேன். வட்ஸ்அப்பில் வந்தது சுருங்கிய படம், அதில் பாதி விபரம் போயிருக்கும், உன்ரை போனிலை இருக்கிறது வேணும் என்றேன்.

"தாறன். கையை வெட்டாதேங்கோ."

"சரி," என்றேன்.

*

குருநகரில் தேவாலயத்துக்குப் போகும் வீதியில் ஸ்ரூடியோ வைத்திருக்கும் ஒருவரை எனக்குத் தெரியும். கலியாண அல்பங்கள் செய்பவர். மை, தாள் வாங்கும் இடத்தில் கண்ட பழக்கம். கரைந்த படத்தை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். மேசையில் வைத்ததும் சிரித்தார்.

"உதென்ன தங்கச்சி, முகத்துக்கு அம்மை போட்டிருக்கு? உங்கடை ரியூசன் குறிப்பு அடிக்கிற மெசினிலையே ஆளை அடிச்சனீங்கள்?"

"செத்த பிள்ளை, அண்ணை."

அவர் சிரிப்பை நிறுத்தினார். படத்தை யன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். பிறகு மெதுவாகத்தான் கதைத்தார்.

"உங்கடை மெசினுக்கு நாலு மை. எழுத்துக்கு அது ராசா. முகத்துக்கு ஏலாது. அதுக்கு இளஞ்சிவப்பு எண்டா என்னெண்டே தெரியாது. பொட்டு வைக்கத் தெரியும், வைக்காமல் விடத் தெரியும். கன்னத்திலை வெயில் படுற இடத்துக்கு என்ன செய்யும்? கடுஞ்சிவப்பிலை அங்கை ஒண்டு இஞ்சை ஒண்டு வைச்சிட்டுப் போகும். தள்ளி நிண்டு பாக்கிறவனுக்கு அது ரோசாப்பூ. கிட்டப் போறவனுக்குத்தான் புள்ளி."

"தாய் கிட்டத்தான் போவா, அண்ணை."

"ஓம்," என்றார். "அதுதானே."

உள்ளே இருந்த அவருடைய அச்சுப்பொறிக்கு ஆறு மை. நாலு மையோடு, தண்ணீர் கலந்தது போல வெளிறிய நீலம் ஒன்று, வெளிறிய சிவப்பு ஒன்று. கன்னமேட்டில் ஒரு கடும்புள்ளி விழ வேண்டிய இடத்தில் இது பல வெளிர்ப்புள்ளிகளைப் பரவலாக வைக்கும். வெள்ளைத் தாளுக்கும் வெளிர்ப்புள்ளிக்கும் வித்தியாசம் குறைவு, அதனால் கண்ணில் குத்தாது. துளியும் ஒரே அளவில் விழுவதில்லை. நிழலுக்குப் பெரிது, வெளிச்சத்துக்குச் சிறிது. அந்தச் சிறிய துளி எவ்வளவு சிறியது என்று கேட்டேன். விரல் நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீரை எடுத்து, "இதைக் கோடி பேருக்குப் பிரிச்சுக் குடுத்தா ஒராளுக்கு வாறது," என்றார்.

புள்ளிகளை எங்கே வைப்பது என்பதில்தான் பெரிய கெட்டித்தனம் இருக்கிறதாம். வரிசையாக வைத்தால் வலை போலத் தெரியும். அதனால் கணினி ஒவ்வொரு இடத்திலும் கணக்குப் பார்க்கும். இந்த இடத்துக்கு அரைப்புள்ளி வேண்டும், அரைப்புள்ளி வைக்க முடியாது, முழுதாக வைத்துவிட்டேன், கூடிப்போன அரையைப் பக்கத்து இடங்களில் குறைத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு பிழை விடும், அந்தப் பிழையைப் பக்கத்தில் இருப்பவற்றுக்குத் தள்ளிக்கொண்டே போகும். கடைசியில் பிழை எங்கே விட்டது என்று யாருக்கும் தெரியாது. முகம் மட்டும் தெரியும்.

நான் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் படித்தவள். இது எனக்கு விளங்காத கணக்கில்லை. ஆனால் அன்று அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது எனக்குள் வேறொரு கணக்கு ஓடியது. கெதியா வந்து எடுங்கோ என்ற ஒரு சொல். மழை, பஸ், மணல். நான் விட்ட பிழையை யார் யாருக்குத் தள்ளிக்கொண்டு போனேன்?

அவர் ஒரு சோதனைத்தாள் அடித்தார். மெல்லிய கோடுகள் படிப்படியாக இறங்கின. வெளிறிய சிவப்பில் இரண்டு கோடுகள் அறுந்திருந்தன. "கடற்காத்து. ரெண்டு நாள் சும்மா விட்டா மூக்கு அடைச்சுப்போம்," என்று அச்சுத்தலையைச் சுத்தம் செய்ய விட்டார். அடுத்த தாளில் கோடுகள் முழுதாக வந்தன.

கணினியில் நான் மறுபடியும் அந்த நாலு விரல்களையும் மூடினேன். "சரி" என்று மகளிடம் சொன்ன வாயோடுதான் மூடினேன். மூலப் படம் பெரிதாக இருந்ததால் நகமும் தெரிந்தது. நகத்தில் பாதி உரிந்த நகப்பூச்சு.

"கன்னத்திலை ஒரு புள்ளி கிடக்கு," என்றார் ஸ்ரூடியோக்காரர். "எடுத்து விடட்டோ?"

கிட்டக் குனிந்து பார்த்தேன். "அது மெசின் போட்டதில்லை, அண்ணை. முகப்பரு."

"அப்ப இருக்கட்டும். இஞ்சை வாற பொம்பிளையள் முழுப்பேரும் அண்ணை வெள்ளையா அடியுங்கோ, அண்ணை மெல்லிசா அடியுங்கோ எண்டுதான் கேட்கிறது. இருந்தபடி அடியுங்கோ எண்டு கேட்டது நீங்கள் ஒராள்."

தாளைக் கையில் தடவிப் பார்க்கச் சொன்னார். ஒரு பக்கம் மட்டும் வழுவழுப்பாக, கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் கொண்ட ஒரு பூச்சு. சாதாரணத் தாளில் மை நார்வழியே ஓடிப் பரவும். இதில் விழுந்த இடத்திலேயே அமிழ்ந்து நிற்கும். பிறகு மிக மெதுவான ஓட்டத்தில் விட்டார். அச்சுத்தலை அதே இடத்தின்மேல் திரும்பத் திரும்பப் போனது. ஒவ்வொரு தடவையும் சில புள்ளிகளை மட்டும் வைத்தது. முதல் ஓட்டத்தில் தலைமயிர் ஒரு புகை. அடுத்ததில் கொஞ்சம் கூட. ஒரு துவாரம் தவறவிட்ட இடத்தை அடுத்த தடவை வேறொரு துவாரம் வந்து நிரப்பும், அதுதான் கோடு விழாத காரணம் என்றார். கன்னம் வந்தபோது நான் கிட்டக் குனிந்தேன். கைவில்லையைப் பிடித்துப் பார்த்தேன். புள்ளி தெரியவில்லை. தோல் தெரிந்தது, பரு தெரிந்தது.

*

அந்தத் தாயின் வீடு கரவெட்டியில் தோட்டங்களுக்கு நடுவே. மறுநாள் காலை போனேன். அவர் கையைச் சேலையில் இரண்டு தரம் துடைத்து ஈரம் போக்கிக்கொண்டு படத்தை வாங்கினார். வாசலுக்குக் கொண்டுபோய்ச் சரித்துச் சரித்துப் பார்த்தார். கண்ணுக்கு மிக அருகில், மணந்து பார்ப்பது போல. நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

திடீரென்று சிரித்தார்.

"உந்தப் பருவைப் பாருங்கோ அக்கா. கிள்ளாதை, கிள்ளாதை எண்டு தொண்டை கிழியக் கத்தினனான். கேட்டவளே? போட்டிக்கு முதல்நாள் கிள்ளினது உது."

பருவின்மேல் விரலை வைத்தார். துடைக்கவில்லை, வைத்துக்கொண்டே இருந்தார். பிறகு விரல் தோளுக்கு இறங்கியது.

"கை எங்கை?"

"எந்தக் கை, தங்கச்சி?"

"உங்கடை பிள்ளையின்ரை கை. போனிலை பாக்கேக்கை இதிலை கிடந்தது. போன படத்திலையும் இல்லை. நான் பேசாமல் இருந்திட்டன்."

"மாலை போடுற படம், தங்கச்சி. உயிரோடை இருக்கிற பிள்ளையின்ரை..."

"ஓம், ஓம். பயம்தானே," என்றார். கோபம் இல்லை. படத்தைப் பார்த்தபடியே சொன்னார்: "ஆஸ்பத்திரியிலையும் பயத்திலைதானே சொன்னனீங்கள்."

கேட்டிருக்கிறார். அப்படியே வாசற்படியில் இருந்துவிட்டேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெரிந்தது, ஆனால் எதற்கென்று கேட்பது? என் பிள்ளை செத்துப்போகவில்லை என்பதற்கா?

அவரும் வந்து பக்கத்தில் இருந்தார்.

"எனக்குப் போன் பண்ணினவை, ரெண்டு பிள்ளையளிலை ஒண்டு முடிஞ்சுதாம் எண்டு சொல்லிப்போட்டினம். ஓட்டோவிலை வாற வழி முழுக்க நான் பிள்ளையாரைத்தான் கேட்டுக்கொண்டு வந்தனான். மற்றப் பிள்ளையா இருக்கட்டும் அப்பனே, மற்றப் பிள்ளையா இருக்கட்டும் எண்டு. பேரைச் சொல்லிக் கேட்டனான் அக்கா. உங்கடை பிள்ளையின்ரை பேரைச் சொல்லி."

நான் அவரைப் பார்த்தேன். அவர் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ரை வீட்டிலை எத்தினை நாள் சோறு திண்ட பிள்ளை. அவளின்ரை பேரைச் சொல்லி." படத்தை மடியில் வைத்துக்கொண்டு, "உங்களுக்கு வாயிலை வந்திட்டுது. எனக்கு வரேல்லை. அவ்வளவுதான்," என்றார்.

தோட்டத்தில் நீர் இறைக்கும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அது நின்ற பிறகு அவர் எழுந்தார்.

"இது வடிவாக் கிடக்கு. காயமில்லை. இதுவே போதும். தனிய நிக்கிறாள் போலை கிடக்கு, அதுதான் கேட்டனான். உங்களுக்கு ஏலாட்டி வேண்டாம் அக்கா. நான் மனசிலை வைக்க மாட்டன்."

*

பேருந்தில் வீட்டுக்குத் திரும்பும்போது எனக்கு முதலில் வந்தது ஆறுதல் இல்லை, பயம். என் மகளின் பேரைச் சொல்லி ஒருவர் சாமியிடம் கேட்டிருக்கிறார். கேட்டது இன்னும் எங்கோ நிற்கிறதா? இப்போது அவளுடைய கையையும் அந்தச் சட்டத்துக்குள், உதிர்வு என்ற திகதிக்கு மேலே, நானே கொண்டுபோய் வைப்பதா? படித்தவள் இப்படி யோசிக்கலாமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். வாசலில் மகளின் செருப்பைக் காணும்வரை எனக்குப் படிப்பு எதுவும் இருக்கவில்லை.

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆஸ்பத்திரியில் நான் சொன்னதை, ஓட்டோவில் அந்த அன்ரி கேட்டதை, "சரி" என்று சொல்லிவிட்டு மறுபடியும் கையை மூடியதை. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நானும் கேட்டனான்," என்றாள். "ரோட்டிலை கிடக்கேக்கை. எனக்கு ஒண்டும் ஆகக்கூடாது எண்டு. அவளைப் பற்றி நினைக்கவே இல்லை."

பிறகு அழத் தொடங்கினாள். விபத்துக்குப் பிறகு அவள் அழுததை அன்றுதான் கண்டேன்.

முப்பத்தொன்றுக்கு மூன்று நாள் இருக்கும்போது இரண்டு பேரும் குருநகருக்குப் பேருந்தில் போனோம். முன்சில்லின் மேலிருக்கும் இருக்கை வேண்டாம் என்று அவளை நடுவில் இருத்தினேன். ஒவ்வொரு திருப்பத்திலும் அவளுடைய மாக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். "அம்மா, நோகுது," என்றாள். விட்டேன். அடுத்த திருப்பத்தில் பிடித்தேன்.

ஸ்ரூடியோக்காரர் கணினியில் கையை மூடாத படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் மகளின் கையைப் பார்த்தார். சோதனைத்தாள் அடித்தார். கோடுகள் முழுதாக இருந்தன.

மேலிருந்து கீழாகத்தான் அது அச்சிடும். தலைமயிர், நெற்றி, வெயிலுக்குச் சுருங்கிய கண்கள். அச்சுத்தலை போய் வந்து, போய் வந்து, கொஞ்சம் கொஞ்சமாக. கன்னம், பரு. நாடி. தோள் தொடங்கும் இடத்தில் என் கை தானாக அச்சுப்பொறியின் மின் ஆளியை நோக்கிப் போனது. அணைத்துவிட்டால் போதும். தாள் பாழாகிவிட்டது என்று சொல்லலாம். மகள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் ஓட்டத்தில் விரல்கள் ஒரு வெளிர்நிழல். இரண்டாவதில் மடிப்புகள். பிறகு நகம், நகத்தில் உரிந்த பூச்சு. நான் ஆளியைத் தொடவில்லை.

"புள்ளி இருக்கோ எண்டு பாருங்கோ," என்று மகள் கைவில்லையை நீட்டினாள். பார்த்தேன். இல்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று சட்டம் போட்டுக் கண்ணாடிக்கு உள்ளே இருந்தது படம். கண்ணாடியில் சந்தனப் பொட்டு. பெரிய மாலை, இரண்டு பக்கமும் நீளமாகத் தொங்கியது. ஒரு பக்கத்து முனை சரியாக அந்த விரல்களின்மேல் கிடந்தது. என்னால் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. விளக்குத் திரியைத் தூண்டுவது போலப் போய், மாலையின் முனையை மெல்ல ஒதுக்கிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் காற்றுக்கு அது பழையபடி வந்து விழுந்தது. மறுபடி போக வெட்கமாக இருந்தது. திரும்பியபோது அந்தத் தாய் சமையல் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இப்போது மகளின் மாக்கட்டைக் கழற்றிவிட்டார்கள். வகுப்புக்குப் பேருந்தில் போகிறாள். ஏறியதும் ஒரு போன், இறங்கியதும் ஒரு போன். அது வராத அன்று நான் கடையைப் பூட்டிவிட்டு வீதிக்கு வந்து நிற்பேன். முன்சில்லு மணலில் இறங்கும் சத்தத்தை நான் கேட்டதே இல்லை, ஆனாலும் கேட்கிறது. அப்போதெல்லாம் அந்த வீட்டுச் சுவரில் தொங்கும் படத்திலிருக்கும் கைதான் கண்முன் வரும்.

போன வெள்ளிக்கிழமை அந்த வீட்டுக்குப் போனேன். புது மாலை, நித்தியகல்யாணியும் செவ்வரத்தையும், அந்தத் தாயே கட்டியது. சட்டத்தின் மேல்விளிம்பில் தொடங்கிக் காதோடு முடிந்துவிட்டது. இவ்வளவு கட்டையாக யாரும் மாலை கட்டுவதில்லை. கீழே தோளும் தோளில் கிடந்த நாலு விரல்களும் ஒரு பூக்கூடத் தொடாமல் கிடந்தன.

அவர் தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டார்.